ஊர் கூடியது, செய்தி யாருக்குப் போனது?

‘மீனவர் சங்க அவசரக் கூட்டம்: காலவரையற்ற வேலைநிறுத்தம் செய்யத் தீர்மானம்.’ ராமேஸ்வரம் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். பத்து வரிச் செய்தி. தலைமை தாங்கியவர் பெயர், கோரிக்கைகள், எத்தனை படகுகள் கரையில் நிறுத்தப்பட்டன என்ற கணக்கு, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தீர்மானம் நிறைவேறிய நிமிடத்திலேயே ஐஸ் உடைக்கும் கூலியாளின் அடுத்த வாரச் சாப்பாடு முடிவாகிவிடுகிறது. கரையில் மீன் பிரிக்கும் பெண் இந்த வாரம் சீட்டுப்பணம் கட்டுவாளா மாட்டாளா என்பதும் முடிவாகிவிடுகிறது. இருவரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. மறுநாள் விடியலில் படகுகள் அசையாமல் நிற்பதைப் பார்த்துத்தான் செய்தியே தெரிந்துகொள்கிறார்கள்.

ராமநாதபுரம் கரையில் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஊர்க்கூட்டம், சங்கக் கூட்டம், ஜமாஅத், தேவாலயத்துப் பங்குப் பேரவை, மகளிர் குழு, கிராம சபை என்று வாரத்துக்கு ஒன்றாவது நடக்கிறது. பல வருடங்களாக இவற்றின் ஓரத்தில் நின்று கவனித்து வருகிறவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது பாதி விஷயம்தான். கூட்டம் நடக்கப்போகிறது என்ற தகவல் யார் காதுக்கு எட்டுகிறது, முடிந்தபின் தீர்மானம் யார் கைக்கு எழுத்தாக வந்துசேர்கிறது என்பது மறுபாதி. ஊரில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பதை அந்த மறுபாதிதான் காட்டிக்கொடுக்கிறது.

இத்தனை கூட்டங்கள் ஏன் என்பதற்குக் கடலிலேயே காரணம் இருக்கிறது. தமிழகக் கடலோர மாவட்டங்களில் மிக நீண்ட கரை ராமநாதபுரத்தினுடையது. சுமார் 237 கிலோமீட்டர். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் விரிகுடா. கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் பக்கம் மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவில் பாம்பன் தீவு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் பாக் விரிகுடாவான வடகடல் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாவான தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் காற்று கிளம்பினால் நிலைமை தலைகீழ். ஆகவே ஓர் ஊர்க்காரர் சில மாதங்களுக்கு இன்னோர் ஊரின் கரையில் படகு கட்ட வேண்டியிருக்கிறது. கூட்டமாக இடம்பெயர்வதற்கு ‘வலசை’ என்று ஒரு பழைய சொல் உண்டல்லவா, சாத்தக்கோன்வலசை போல அந்தச் சொல்லையே பெயராகக் கொண்ட ஊர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. வந்தவர் படகை எங்கே நிறுத்தலாம், எந்த வலையைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதெல்லாம் கரைக்கு உரியவர்களைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். கேட்பதற்கும் பதில் சொல்வதற்கும் நாலு பேர் உட்கார வேண்டும். வயலுக்கு வரப்பு உண்டு. கடலுக்கு அது கிடையாது என்பதால் இங்கே வரப்பைப் பேச்சினால்தான் போட முடிகிறது.

அப்படிப் போடப்பட்ட வரப்புகளில் மிகப் பெரியது ‘மூன்று நாள், நான்கு நாள்’ முறை. அரசு மானியத்தோடு விசைப்படகுகள் பெருகி, இறால் ஏற்றுமதிக்கு நல்ல விலை கிடைக்கத் தொடங்கியபோது, இழுவை மடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) போட்ட விசைப்படகுகள் நாட்டுப்படகுக்காரர்கள் விரித்துவைத்த வலைகளை அறுத்துக்கொண்டு போயின. ஒரு நாட்டுப்படகுக் குடும்பத்துக்கு வலைதான் நிலம், வலைதான் நகை. 1970-களின் இறுதியில் இந்தக் கரை நெடுக மோதல்கள் வெடித்தன. அவற்றின் பிறகு அதிகாரிகள் முன்னிலையில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி உருவானதுதான் இந்தப் பங்கீடு: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி ஆகியவை விசைப்படகு கிளம்பும் நாட்கள். அன்று மீன்வளத் துறையின் அனுமதி டோக்கனை வாங்கிக்கொண்டுதான் படகு புறப்படும்.

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல்தான் வந்தது. அதற்கு முன்பே கடலைக் கிழமை கணக்கில் பிரித்துக்கொண்டவர்கள் இந்த மக்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கடலோர மக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களை எப்போதும் கண்ணீரோடும் முறையீட்டோடும் மட்டுமே காட்டுகிறார்கள். கரைமேல் உட்கார்ந்து பேசி, ஒரு கடலையே கிழமைகளாகக் கூறுபோட்டு, அரை நூற்றாண்டுக்கு நெருக்கமாக அதைக் காப்பாற்றி வருவது சின்ன விஷயம் இல்லை. மீறல்கள் உண்டு, சண்டைகள் உண்டு. ஆனாலும் மீறியவரை ‘மீறினார்’ என்று சொல்ல ஒரு விதி இருக்கிறது. அந்த விதி கூட்டத்தில் பிறந்தது.

சங்கங்களில் பல, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவானவை. குறைந்தது ஏழு பேர், ஒரு விதிமுறை ஏடு, ஆண்டுக்கொரு பொதுக்குழு என்று சட்டம் கேட்கிறது. ஆனால் விசைப்படகுச் சங்கம் என்றால் பெரும்பாலும் படகு உரிமையாளர்களின் சங்கம் என்றே பொருள். படகில் ஏறி உயிரைப் பணயம் வைக்கும் தொழிலாளிக்கு அதில் ஓட்டு இல்லை. அவர்களுக்கென்று தனிச் சங்கங்கள் உண்டு, கைதானவர்களின் விடுதலைக்காக அவையும் தெருவில் நிற்கின்றன. என்றாலும், ‘கடலுக்குப் போவதில்லை’ என்ற முடிவை எடுக்கும் நாற்காலி உரிமையாளர்களிடம்தான் இருக்கிறது.

அந்த முடிவுகளின் பின்னணி என்ன? 1974-இலும் 1976-இலும் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. 2017-இல் இலங்கை இழுவை மடித் தொழிலையே தடை செய்தது. 2018-இல் அந்நியப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. குறுகிய கடலில், வாரத்தில் மூன்றே நாட்களில் டீசல் செலவை மீட்டாக வேண்டிய படகு எல்லையைத் தாண்டுகிறது, பிடிபடுகிறது. உடனே அவசரக் கூட்டம். வடக்கு மாகாணத்து மீனவனும் தமிழனே, போரினால் பல ஆண்டுகள் கடலையே இழந்து நின்றவனே என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அறுபடுவது அவன் வலையும்தான். இரு கரைத் தலைவர்களும் சென்னையிலும் கொழும்பிலும் சந்தித்துப் பேசிப் பார்த்திருக்கிறார்கள். மூன்று நாள், நான்கு நாள் என்று தங்களுக்குள் பிரித்துக்கொள்ளத் தெரிந்த மக்களுக்கு, எல்லைக்கு அப்பால் அதே போன்ற பேச்சு நிலைக்காமல் போவது எனக்கு ஆறாத வருத்தம்.

ஊர்க்கூட்டத்தின் தன்மை வேறு. அதற்குப் பதிவு எண் கிடையாது. ஏலக்கூடத்திலோ, கோயில் முன்மண்டபத்திலோ, பூவரச மர நிழலிலோ கூடும். கணக்கு ‘தலைக்கட்டு’ முறையில். மணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. அவர் வரி கொடுப்பார், கூட்டத்தில் பேசுவார். பிடிபட்ட மீனில் ஏல விலைமேல் ஊருக்கென்று ஒரு பங்கு, அதாவது மகமை, பிடிக்கும் ஊர்களும் உண்டு. கொடைவிழா, சாவுச் செலவு, புயலில் படகிழந்தவனுக்குக் கைகொடுப்பது, காணாமல் போனவனைத் தேடிப் பத்துப் படகு அனுப்புவது எல்லாம் அந்தப் பணத்திலிருந்துதான். கடலில் ஒருவன் திரும்பவில்லை என்றால் அரசு இயந்திரம் அசைவதற்குள் ஊர்ப் படகுகள் கிளம்பியிருக்கும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஊர்க்கூட்டத்தை இழிவாகப் பேசமாட்டார்கள்.

அதே கூட்டம்தான் ஊர்விலக்கும் செய்கிறது. பேசாதே, கடையில் பொருள் கொடுக்காதே, வலையில் சேர்க்காதே என்று ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைக்கும் கட்டுப்பாடு, கடலை மட்டுமே நம்பியவனுக்கு மரணத்துக்குச் சமம். 2011-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் கட்டப்பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கரையில் அது முழுதாக வந்துசேரவில்லை. பெண்களின் இடம் இன்னும் மோசம். சில ஊர்களில் கணவனை இழந்தவள் வீட்டுக்கு அரை வரி. இரக்கம் என்று அதைச் சொல்கிறார்கள். அரை வரி கொடுக்கிறவளுக்கு அரைப் பேச்சாவது உண்டா என்று ஒரு கமிட்டிக்காரரிடம் கேட்டேன். “பொம்பளையாள் கூட்டத்துக்கு வர்ற வழக்கம் இல்லைங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை; பொழுது விடிவதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

வழக்கம் இல்லை என்று சொல்லப்பட்ட அதே கரையில்தான், பெண்கள் தாங்களாகவே கூடித் தங்கள் கடலுக்கு விதி எழுதினார்கள். பாம்பன் சின்னப்பாலம் முதல் மன்னார் வளைகுடா ஓரத்து ஊர்கள் பலவற்றில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் தொழில் பாசி எடுப்பது. கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் கிள்ளி எடுப்பார்கள். அகர் என்கிற கூழ்ப்பொருள் அதிலிருந்து கிடைக்கிறது; நோன்புக் காலத்தில் நாம் சாப்பிடும் ‘கடற்பாசி’ இனிப்புக்கு அதுதான் மூலம். கட்டக்கோரைப் பாசி ஆல்ஜினேட் தயாரிப்புக்குப் போகிறது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நாளடைவில் கெடுபிடி இறுகியது. பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவோரம், போனால் குற்றம் என்று ஆனது. படகைப் பிடிப்பதும் பாசியைப் பறிப்பதும் வழக்கமாயின.

அப்போது இந்தப் பெண்கள் வெறும் மறியலோடு நின்றிருக்கலாம். அவர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். குழுக்களைச் சேர்த்துக் கூட்டமைப்பு ஆக்கினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, இரும்புச் சுரண்டி வைத்துப் பாறையைச் சுரண்டாமல் கையாலேயே எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டிப் பாசிக்கும் ஓய்வு விடுவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். வேரோடு சுரண்டினால் மறுபடி தழைக்காது என்பது அவர்கள் கை அறிந்த பாடம். ‘எங்களால் கடல் அழிகிறது’ என்ற குற்றச்சாட்டுக்கு அவர்கள் கொடுத்த பதில் இந்த விதிகளே. கூட்டமைப்பை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி விருது அமெரிக்காவில் வழங்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத ஒரு பாசிப் பெண், தீவு மக்களின் சூழல் காப்புக்கான உலக விருதைப் பெற்றார். இந்தக் கரையின் கூட்டங்களில் எதை முதலில் எழுத வேண்டும் என்று கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன். ஓட்டு இல்லாதவர்கள் நடத்திய கூட்டம் இது. தீர்மானம் கடலுக்கு அடியில் போய் நிறைவேறியது.

ஊர்க்கூட்டத்துக்கும் பாசிப் பெண்களின் கூட்டத்துக்கும் நடுவே, சட்டப்படி எல்லோரும் சமமாக உட்காரக்கூடிய ஒரே இடம் கிராம சபை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் தந்த உரிமை இது. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு, 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் ஆகிய இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். தலைக்கட்டு வேண்டாம், படகு வேண்டாம், மகமை வேண்டாம். 500 பேர்வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் கூடினால்தான் சபை செல்லும். பாம்பன் போன்ற பெரிய ஊராட்சியில் 300 பேரைச் சேர்ப்பது எளிதில்லை. கூட்டத்துக்குப் பிறகு வருகைப் பதிவேடு வீடு வீடாகச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன்.

உலகத் தண்ணீர் நாளைச் சபை நாளாக்கியது இந்த மாவட்டத்துக்குப் பொருத்தம். ஊரணி வற்றினால் குடத்தோடு ஊற்றுத் தோண்ட உட்கார்ந்த பெண்கள் இங்கே ஏராளம். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகும் குழாயில் தண்ணீர் வராத நாட்களைப் பற்றித்தான் சபையில் முதல் குரல் எழுகிறது. அந்தக் குரல் அநேகமாகப் பெண்ணுடையது.

ஆனால் சபை நடப்பதே பலருக்குத் தெரிவதில்லை. முன்பு தண்டோரா போட்டார்கள். பறையடித்துச் சொல்லும் அந்த வேலை குறிப்பிட்ட சாதியின் தலையில் கட்டப்பட்டிருந்தது. 2022 ஆகஸ்டில் அரசு அதை நிறுத்தச் சொல்லி, வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கச் சொன்னது. நிறுத்தியது நூற்றுக்கு நூறு சரி. அந்த ஒலிபெருக்கி வண்டி கடற்கரைக் குடிசைகள்வரை, மணலில் தார்ச்சாலை முடிகிற இடத்துக்கும் அப்பால் வருகிறதா என்பதே என் கேள்வி. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் அறிவிப்பு, அந்தச் சுவரைக் கடந்து போகிறவருக்கு மட்டுமே அறிவிப்பு. 2025-இல் தலைவரும் இல்லாமல் போனார். இந்த மாவட்டத்து ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது; பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. கையெழுத்துக்காக ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏறும் மக்களுக்கு இதன் அர்த்தம் புரியும். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்ற ஒதுக்கீட்டில் வந்தவர்களின் நாற்காலியும் அதோடு காலியானது.

கீழக்கரை, பெரியபட்டினம், புதுமடம் போன்ற ஊர்களில் செய்தி ஜமாஅத் வழியே நடக்கிறது. ஜும்மா தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் ஓர் அறிவிப்பு. அரை மணி நேரத்தில் அது துபாயிலும் கொழும்பிலும் சென்னை மண்ணடியிலும் இருக்கும் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. வெளிநாட்டிலிருந்து சந்தா வருகிறது, ஆம்புலன்ஸ் வாங்கப்படுகிறது, படிப்புக்கு உதவி போகிறது. பெருமைப்பட வேண்டிய விஷயம். இருந்தாலும், துபாயில் இருப்பவருக்கு ஊர்க் கூட்டத்தின் முடிவு தெரிந்துவிட்ட நேரத்தில், அதே தெருவின் கடைசி வீட்டில் போன் இல்லாத மூதாட்டிக்கு அது தெரியாமல் இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பாம்பனில் 2016-இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4 சமுதாய வானொலி இந்த இடைவெளியில் விழுந்த நல்ல விதை. காற்றின் வேகம், அலை உயரம், மீன் விலை, கடல்வாழ் உயிரினங்களின் பாதுகாப்பு எல்லாவற்றையும் கரைக்காரர்களின் பேச்சுவழக்கிலேயே சொல்கிறது. வலை பின்னிக்கொண்டே கேட்கலாம்; எழுத்துத் தெரிய வேண்டாம். கிராம சபை அறிவிப்பையும் அதன் தீர்மானங்களையும் ஒவ்வொரு முறையும் இப்படி வாசித்துக் காட்டச் செலவு ஒன்றும் ஆகாது.

திருவிழாக்களும் ஒரு வகையில் கூட்டங்களே. ஏர்வாடி சந்தனக்கூடும் தங்கச்சிமடம் சந்தியாகப்பர் விழாவும் மதம் பார்க்காமல் கரையைக் கூட்டுகின்றன. கச்சத்தீவு அந்தோணியார் விழாவுக்குப் போவதற்கு, ராமேஸ்வரம் வேர்க்கோடு பங்குத்தந்தை முன்னின்று பெயர்ப்பட்டியல் தயாரிப்பார். எந்தப் படகில் யார், எத்தனை பேர் என்று சங்கங்கள் கணக்கெடுக்கும். கடவுச்சீட்டு இல்லாமல் போய்வரும் உரிமையை 1974 ஒப்பந்தம் விட்டுவைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்து உறவுகளைப் பார்த்து, ஒரு சோப்புக்கட்டியையாவது கைமாற்றிக்கொள்ளும் இரவு அது. 2024-இல் படகோட்டிகளுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து, அந்த ஆண்டு போவதில்லை என்று இங்கே சங்கங்கள் தீர்மானித்தன. பயணம் நின்றது. கோபம் நியாயமானது. ஆனால் நேர்ச்சை வைத்துப் பெயர் கொடுத்துக் காத்திருந்த பாட்டிமார்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக நான் அறியவில்லை.

எழுத்தில் வந்துசேரும் தீர்மானத்துக்கு என்ன பலம் என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்லலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்தக் காலத்துக்கான நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயரும் என்று 2023 ஆகஸ்ட் 18-இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். கூட்டத்துக்குக் கூட்டம் எழுதி அனுப்பிய மனுக்கள் அந்த மேடைக்கு முன்னால் எத்தனையோ. அந்தப் பணத்தைப் பெற மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் ஏட்டில் பெயர் இருக்க வேண்டும். ஏட்டில் பெயர் ஏற்றும் நாள் எது என்று தெரிந்தவருக்குப் பணம் வரும். தெரியாதவர் அடுத்த ஆண்டுவரை அலைவார்.

ஒரு நவம்பர் கிராம சபையில் நான் உட்கார்ந்திருந்தேன். கரையோர ஊராட்சி, சமுதாயக் கூடத்தில் நெகிழி நாற்காலிகள். பாசிக்குப் போகாத நாள் என்பதால் பத்துப் பதினைந்து பெண்கள் வந்திருந்தார்கள். கரைக்குப் போகும் பாதையில் விளக்கு வேண்டும், விடியற்காலை நாலு மணிக்குப் பாம்பு பயத்தில் நடக்கிறோம் என்றார் ஒருவர். தீர்மானம் போட்டாயிற்று என்று அலுவலர் சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போனார். அந்தப் பெண் உட்காரவில்லை.

“தீர்மான எண் என்ன சார்?”

அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். பெண் தன் மகளின் பள்ளி நோட்டைத் திறந்துவைத்துப் பேனாவோடு நின்றார். பதிவேட்டின் பக்கங்கள் பின்னோக்கிப் புரண்டன. எழுதப்படாமல் விட்டிருந்த இடத்தில் எழுத்தர் இப்போதுதான் எழுதத் தொடங்கினார்; அவர் எழுதி முடித்து எண்ணை வாசிக்கும்வரை அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தார்.